பதினோரு ஷட்டர்

கோரையாற்று ரெகுலேட்டரில் பதினோரு ஷட்டர்.
ஓர் அடி தூக்க நூற்றெண்பது சுற்று.
எண்ணியது நான்.
இன்ஸ்பெக்டர் குலசேகரன் எண்ணுவது அங்குலம்.

தோள்பட்டை ஆபரேஷன் முடிந்த ஆறாம் மாதம்
கொழுந்தன் தவசீலன் ஒரு வீடியோ அனுப்பினான்.
கொச்சியில் பாய்ப்படகு கழுவுகிற வேலை அவனுக்கு.
தலை நரைத்த வெள்ளைக்காரி ஒருத்தி
கைப்பிடி மாதிரி ஒரு மெஷினை
உருளையின் உச்சியில் செருகி விசையை அழுத்துகிறாள்.
கயிறு தானே சுற்றிக்கொள்ள
பாய் படபடத்து ஏறுகிறது.
மறு கையில் டீ.
'அண்ணி, இது உங்க வேலைதானே?
லஸ்கர்னா கப்பல்காரன்னு இங்க சொல்றாங்க.'

கப்பலை விட்டுவிட்டேன்.
அந்த டீயை மூன்று தடவை பார்த்தேன்.

அவள் மெஷின் விலை என் எட்டு மாதச் சம்பளம்.
மன்னார்குடியில் பேட்டரி டிரில் ஒன்று
தவணைக்குக் கிடைத்தது.
கூத்தாநல்லூர் லேத்தில் ஹபீபு
ஷட்டர் தண்டின் சதுர முனைக்கு
ஒரு குழல் கடைந்து தந்தார்.
எதற்கு என்று கேட்கவில்லை, எத்தனை கிலோ என்றார்.
'இரும்பு எடையா, தண்ணி எடையா?' என்றேன்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சிரித்தார்.

முதல் நாள் அது என்னைத்தான் சுற்றியது.
ஷட்டர் துருவில் இறுகிக் கிடக்க
டிரில் என் மணிக்கட்டைத் திறக்கப் பார்த்தது.
மூன்று நாள் மஞ்சள் பத்து.
பிறகு அதன் கழுத்தில் ஒரு கம்பியைக்
கிளாம்ப் போட்டு முடுக்கினார் ஹபீபு.
திமிறுகிறபோது கம்பி போய்ச் சுவரில் முட்டும்.
சுவர் வாங்கிக்கொள்ளும்.
வாங்கிக்கொள்ள ஒன்று இருந்தால்
எந்த முரட்டையும் பிடித்துக்கொண்டு நிற்கலாம்.

தீபாவளி கழிந்த மூன்றாம் இரவு
மேலேயிருந்து போன்.
'தண்ணி வருது, எல்லாத்தையும் ஒரு அடி தூக்கு.'
மழை. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டேன்.
ஒன்று, இரண்டு, மூன்று
உறுமிக்கொண்டே ஏறின.
நான்காவதில் சத்தம் தடித்தது.

கையால் சுற்றினால் அடியில் கிடப்பது
மரமா, ஆகாயத்தாமரையா, செத்த கன்றா
என்று தோள் சொல்லிவிடும்.
டிரில் தொண்டையால்தான் சொல்கிறது.
அந்த பாஷையும் பாதி பிடிபட்டிருந்தது.
விரலை எடுத்தேன்.
கொஞ்சம் இறக்கி மறுபடி தூக்கினேன்.
பூவரசு ஒன்று வேரும் மண்ணுமாகப்
புரண்டு போனது,
யாரையும் திரும்பிப் பார்க்காமல்.

ஏழாவதில் பேட்டரி செத்தது.
ரெயின்கோட்டுக்குள் வயிற்றோடு ஒட்டி
வைத்திருந்த இன்னொன்று
பத்தாவது வரை வந்தது.
பதினொன்றாவதைக் கையால் சுற்றினேன்.
நூற்று நாற்பதில் தோள்
டாக்டர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது.
யாரும் இதை வீரம் என்று சொல்ல வேண்டாம்.
மூன்றாவது பேட்டரிக்குக் காசில்லை.

விடிந்ததும் குலசேகரன் பதிவேட்டைக் கேட்டார்.
'மெஷின்னு எழுதிடாதே, ஆடிட்டுல கேப்பான்.'
பதினோரு வரியிலும் எழுதினேன்: கையால்.
பத்து வரி பொய்யோ என்று நின்றேன்.
விசையை அழுத்திய விரல் யாருடையது,
அதுவும் என் கையில்தானே இருக்கிறது.
கையெழுத்துப் போட்டு நகர்ந்தேன்.

மதியம் மழை விட்டது.
மூன்றாவதை அரை அடி இறக்கச் சொன்னார்கள்.
சார்ஜரில் பச்சை விளக்கு வரக் காத்திருந்து
கழற்றி மாட்டி
கம்பியைச் சுவரில் சாய்த்தேன்.
கடையிலிருந்து பையன் டீ கொண்டுவந்து நீட்டினான்.
ஒரு கையில் டிரில், ஒரு கையில் டம்ளர்.
ஷட்டர் நிதானமாக இறங்க
நுரை சுருங்கிக்கொண்டே வந்தது.

தவசீலனுக்கு அனுப்பலாம் என்று பார்த்தேன்.
போன் எடுக்கக் கை இல்லை.
பையன் அதற்குள்
சைக்கிளில் பாதிப் பாலம் போய்விட்டான்.